துண்டுச் சீட்டும் இணையக் கடையும்

வாணிகம் என்பது பொருளை மாற்றுவது மாத்திரமன்று, நம்பிக்கையை மாற்றுவதுமாகும். பொருளைக் கொடுப்பவன் விலை வருமென நம்புகின்றான். விலையைக் கொடுப்பவன் பொருள் தகுதியுடையதென நம்புகின்றான். இருவரும் ஒரே சந்தையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும்வரை இந்நம்பிக்கைக்குப் பெருஞ்சான்று தேடவேண்டியதில்லை. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணியை விரித்துப் பார்க்கலாம். நாளை குறை கண்டால் அக்கடைக்கே திரும்பிப் போய்க் கேட்கலாம். விற்பவன் கண்ணுக்கு மறைந்த அன்றுதான் வாணிக வரலாற்றிலே புதியதொரு வினா எழுந்தது. காணாதவனை எவ்வாறு நம்புவது? இவ்வினாவுக்கு இரண்டாம் பாதியொன்றும் உண்டு. காணாதவன் கையிலே நம்மைப் பற்றிய விபரங்களை எவ்வாறு ஒப்படைப்பது? இணையக் கடைகள் பெருகிவிட்ட இந்நாளிலே இவ்விரண்டாம் பாதியே முதற்பாதியிலும் பெரிதாகிவிட்டது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெருந்தெரு பெரகலச் சந்தியை அடைந்ததும், ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவை நோக்கி ஏறுகின்றது. மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. ஒருகாலத்தில் அரிசி மூட்டையும் தேயிலைப் பெட்டியும் கடந்த இச்சந்தியை இன்று மோட்டார்ச் சைக்கிள்களிலே கட்டப்பட்ட சிறு பொதிகள் கடக்கின்றன. தோட்டத்து லயத்திலிருந்தே கைத்தொலைபேசி மூலம் கட்டளையிட்ட பொருள்கள் அவை.

இக்கட்டுரையாளன் கற்பிக்கும் மாணவனொருவனின் தாயார், கொழுந்து பறிப்பவர், மகனுக்கு அவ்வாறு ஒரு சோடி பாடசாலைச் சப்பாத்து வருவித்தார். முற்பணம் செலுத்தவில்லை, பொதி வந்தபின் காசு கொடுப்பதென்பதே ஏற்பாடு. அவ்வளவில் அவர் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டார். பொதியின் மேலுறையிலே அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், தொலைபேசி எண், கொடுக்கவேண்டிய தொகை ஆகிய யாவும் அச்சிடப்பட்டிருந்தன. அது சந்திக் கடையொன்றில் இரண்டு நாள் கிடந்து பின்னர் வீடு சேர்ந்தது. சில நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் பெயரையும் வாங்கிய பொருளையும் விலையையும் சரியாகக் கூறிய குரல், அப்பொருளுக்குப் பரிசு விழுந்திருக்கின்றது என்றது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணை வாசிக்கச் சொன்னது. அவர் வாசித்தார். கூரைத் தகட்டுக்கென வங்கியில் சேர்த்திருந்த பணம் போயிற்று. சப்பாத்து நல்லதாகவே இருந்தது. மகனின் காலுக்கும் பொருந்தியது. இழந்தது சப்பாத்தின் விலையன்று. அவருடைய பெயரும் எண்ணும் மேலுறையிலிருந்து போயினவா, விற்பவரின் பட்டியலிலிருந்து போயினவா என்பது இன்றுவரை துலங்கவில்லை.

இதனைக் கேட்டோர் பலர், "படிப்பறிவில்லாதவர்கள் இணையத்தில் வாங்கப் போனால் இப்படித்தான்" என்றனர். அக்கூற்றுச் சரியன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. தம்மைப் பற்றிய விபரம் பிறர் கையில் இருப்பதனால் வரும் கேட்டை, இலங்கையின் வேறெந்தச் சமூகத்தினரிலும் முன்னரே அனுபவித்தவர் மலையகத் தோட்ட மக்கள். அவர்தம் அச்சம் அறியாமையன்று, வரலாற்றின் பாடம். அப்பாடத்தைச் சட்டமும் வணிகரும் நாமும் கற்றிருக்கின்றோமா என்பதே வினா.

காணாதவனை நம்பிய வழிகள்

முதலில் வினாவின் முதற்பாதியை நோக்குவோம். பண்டைத் தமிழகத்திலே காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றியிறக்கப்பட்ட பொதிகளின்மீது சோழருடைய புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சுங்கத்தின்பொருட்டு இடப்பட்ட அப்பொறி, பொதியைத் தொலைவிலே காண்பவனுக்கு ஒரு சான்றாகவும் நின்றிருக்கவேண்டும். பொதிக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கின்றது என்பதே அதன் பொருள். முகம் காணாத இடத்தில் முத்திரை முகமாகின்றது.

இம்முறையின் பிற்கால வடிவமொன்று நம் மலையிலேயே தோன்றியது. கிளாஸ்கோ நகரில் 1871இல் முதற்கடை திறந்த தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியிலே தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். அதுவரை பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. நிறையும் கலப்பும் கடைக்காரரின் மனச்சாட்சியைப் பொறுத்தன. லிப்டன் அதனை ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பொட்டலங்களாகக் கட்டி, தம் பெயரை அச்சிட்டு, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கலசத்துக்கு வருவதென விளம்பரம் செய்தார். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. ஊவாத் தேயிலை உலகுக்கு இறங்கியது. தோட்டத்தைக் காணாத இலண்டன் இல்லத்தரசி அச்சிட்ட பெயரை நம்பி வாங்கினாள். நிறை குறைந்தால் எவரைக் கேட்பது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது வழி தபால் வழி. இந்தியத் தபாற்பகுதி 1877இல் வி.பி.பி. என்னும் முறையைத் தொடங்கிற்று; இலங்கைத் தபாற்பகுதியும் இம்முறையைக் கைக்கொண்டது. விற்பவன் பொதியைத் தபாற் கந்தோரில் ஒப்படைப்பான். தபாற்காரர் வாங்குபவனிடம் விலையைப் பெற்றுப் பொதியைக் கொடுப்பார். அவ்விலை காசுக் கட்டளையாக விற்பவனைச் சேரும். சென்னைப் பத்திரிகை விளம்பரங்களைக் கண்டு புத்தகமும் மருந்தும் வருவித்த நம் பாட்டன்மார் இம்முறையை நன்கறிவர். இருவரும் ஒருவரையொருவர் நம்பவேண்டியதில்லை; இருவரும் தபாற்பகுதியை நம்பினாற் போதும். இதன் குறை யாதெனின், காசைக் கொடுத்த பின்னரே பொதியைப் பிரிக்கலாம். புத்தகத்துக்குப் பதிலாகப் பழங்கடதாசி இருப்பினும் தபாற்காரர் பொறுப்பல்லர். பொருள் வந்தபின் காசு கொடுக்கும் இன்றைய முறை இதன் பேரப்பிள்ளையே. பாட்டனாரின் நன்மையும் குறையும் அவ்வாறே பேரனுக்கும் வந்துள்ளன. ஆகவே, அட்டையெண்ணைக் கொடுக்க அஞ்சிக் கைக்காசு கொடுக்க விரும்புபவரைப் பழைமைவாதியென நகைப்பது தகாது. அவர் கைக்கொள்வது ஒன்றரை நூற்றாண்டுகள் சோதித்துப் பார்த்த பாதுகாப்பு முறை.

பிறர் எழுதிய பேரேடு

இனி, வினாவின் இரண்டாம் பாதிக்கு வருவோம். லிப்டனின் பொட்டலத்தை வாங்கியவளுக்கு நிறை உறுதியாயிற்று. அப்பொட்டலத்துக்குரிய கொழுந்தைப் பறித்தவளுக்கோ நிறையைப் பிறர் தராசு கூறிற்று. கூலியைப் பிறர் எழுதிய செக்ரோல் கூறிற்று. கடனைப் பிறர் எழுதிய பேரேடு கூறிற்று.

தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்தவர் கங்காணிமார். தோட்டம் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கும். கங்காணி அதனை வழிச்செலவாகவும் கைச்செலவாகவும் ஆட்களின் பெயரிலே பற்றெழுதுவார். தோட்டம் வழங்கிய அரிசியின் விலையும் கூலியிற் கழிக்கப்படும். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதைத் தொழிலாளர் கேட்டறிந்தனரேயன்றி வாசித்தறிந்தாரல்லர். அக்கடனுடன் ஒரு கங்காணி தம் ஆட்களை வேறொரு தோட்டத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பின், துரை ஒரு "துண்டு" எழுதிக் கொடுப்பார். இத்தனை ஆட்களை, இத்தொகை செலுத்தப்பட்டால் விடுவிப்பேன் என்பது அதன் சாரம். துண்டைக் கையிற் கொண்ட கங்காணி, அத்தொகையை இறுக்கத்தக்க தோட்டத்தைத் தேடுவார். புதிய துரை பணம் செலுத்துவார். கடன் புதிய பேரேட்டிலே ஏறும். தோட்டம் மாறியும் கடன் மாறாது. பலவேளைகளில் வளரவுஞ் செய்யும்.

துண்டு என்பது யாது? காகிதத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், அஃது ஒருவருடைய சொந்த விபரம். துரை எழுதி, துரை வாசித்து, கங்காணி சுமந்து சென்ற விபரம். எவருடைய கடன் அதில் எழுதப்பட்டதோ அவர் அதனை வாசிக்கவில்லை, திருத்தவில்லை, அது எவரிடம் செல்லவேண்டுமெனத் தீர்மானிக்கவுமில்லை. ஆயினும் அவ்வெழுத்தே அவர் எந்த மலையில் வாழ்வார் என்பதைத் தீர்மானித்தது. இதனுடன் தகரச் சீட்டையும் சேர்த்து எண்ணவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த ஆட்களுக்குத் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லைகள் வழங்கப்பட்டன. அவற்றைக் கழுத்திலே கட்டிக்கொண்டு பயணஞ் செய்தனர். வழியிற் செலவானதெல்லாம் அவ்வெண்ணைக்கொண்டு உரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. சோழர் பொறித்த புலி பொதியின்மேல் இருந்தது. இப்பொறியோ மனிதரின் கழுத்தில் தொங்கியது.

துண்டு முறை 1921ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்றினால் ஒழிக்கப்பட்டது. அச்சட்டம் கடனுக்கு வரம்பு கட்டியது மாத்திரமன்று; ஒருவருடைய விபரத்தைக் கைமாற்றி அவரையே கைமாற்றும் வழக்கத்தையும் தடுத்தது. தரவுப் பாதுகாப்பு என்னும் சொல் எவருக்கும் தெரியாத காலத்தில் அதன் உட்பொருளை இம்மலைநாடு ஒருமுறை சட்டமாகக் கண்டது எனலாம்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுச் சட்டமும், வாழ்ந்தமைக்கும் பிறந்தமைக்கும் எழுத்துச் சான்று கேட்டன. கடனைக் கடைசிச் சதம்வரை எழுதிவைத்த அதே தோட்டங்களில், பிறப்பையும் வதிவையும் காட்டத்தக்க தாள்கள் பலரிடம் இருக்கவில்லை. நாடற்றவர் நிலை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆகவே விபரம் எழுதப்படுவதே தீமையென்று நாம் கூறவில்லை. எழுதப்பட்டதாலும் துன்பம், எழுதப்படாமையாலும் துன்பம் கண்ட மக்கள் நாம். எவர் எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார், எழுதப்பட்டவர் அதனைப் பார்க்கலாமா என்பனவே கேட்கவேண்டிய கேள்விகள்.

வழிக்குப் பூட்டு, வீட்டுக்குப் பூட்டில்லை

இக்கேள்விகளோடு இணையக் கடைக்குள் நுழைவோம். இணையத்தில் ஒரு செய்தி பல கணினிகளைக் கடந்து செல்கின்றது. இடையிலுள்ளவர் அதனை வாசியாமற் காப்பது எவ்வாறு? இரகசிய எழுத்து பழங்காலத்தும் உண்டு. ஆனால் இருவரும் முன்னரே ஒரு திறவுகோலை இரகசியமாகப் பகிர்ந்திருக்கவேண்டும். முன்பின் அறியாத வணிகனுடன் அதனை எங்ஙனம் பகிர்வது? 1976இல் விட்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்கு வழி காட்டினர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ற், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் அவ்வழியிலே செயற்படத்தக்க முறையொன்றை வகுத்தனர். அதன் கருத்தை இவ்வாறு விளக்கலாம்: வணிகன் திறந்த பூட்டுகளை ஊரெங்கும் கொடுத்து வைக்கின்றான், எவரும் தம் கடிதத்தைப் பெட்டியிலிட்டு அப்பூட்டை அழுத்திப் பூட்டலாம், திறக்கும் சாவியோ அவனிடம் மாத்திரமே உண்டு.

இம்முறையைத் துணைக்கொண்டு 1994 ஆகஸ்ட் 11ஆம் நாள் அமெரிக்காவில் இணையவழியாக ஓர் இசைத்தட்டு விற்கப்பட்டது. கடனட்டையெண் மறைகுறியாக்கப்பட்டு அனுப்பப்பட்ட முதல் விற்பனைகளுள் ஒன்றென அதனைக் கூறுவர். அக்காலத்திலேயே நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவிக்கென ஒரு பாதுகாப்பு முறையை ஆக்கியது. அதன் வழிவந்த முறையே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. முகவரியின் பக்கத்திலே சிறு பூட்டொன்று நெடுங்காலம் காட்டப்பட்டது. மக்கள் அதனைப் புலிப்பொறியெனக் கருதினர்.

இங்கேதான் பெரும் மயக்கம் உண்டாயிற்று. அப்பூட்டு, செல்லும் வழி பாதுகாப்பானது என்பதை மாத்திரமே கூறிற்று; சென்றடையும் வீட்டுக்காரர் நல்லவரென்று கூறவில்லை. கள்ளக் கடைகளும் அப்பூட்டை எளிதாகப் பெற்றன. இதனாலேயே குரோம் உலாவி 2023இல் அப்பூட்டுக் குறியை நீக்கி வேறு குறியை வைத்தது. நல்ல வீட்டுக்காரரிடமும் களஞ்சியம் உடையலாம். 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி வங்கியட்டைகளின் விபரங்கள் களவு போயின. அவ்வட்டைகளைத் தேய்த்தவர்கள் இணையத்திலன்றிக் கடைக்கே நேரிற் போனவர்கள். ஆகவே முகத்தைப் பார்த்து வாங்கினாலும் விபரம் முகங்காணாத களஞ்சியத்துக்கே செல்கின்றது. இன்றைய களவு பெரும்பாலும் வழியிலே நிகழ்வதன்று. களஞ்சியத்திலோ வாங்குபவரின் வாயிலோ நிகழ்வது. ஒருமுறைக் கடவுச்சொல்லை அத்தாயார் தம் வாயாலேயே வாசித்தார். உலகின் மிகச் சிறந்த பூட்டும் அவ்விடத்தில் உதவாது. அக்குரலை அவர் நம்பியது ஏன்? அவருடைய பெயரையும் பொருளையும் விலையையும் அது அறிந்திருந்தமையால். விபரம் கசிந்தமையே வஞ்சகனுக்கு முகமாயிற்று.

லயத்துக்கு வரும் பொதி

நகரத்தாருக்கு இல்லாத ஓர் இடர் தோட்டத்தாருக்கு உண்டு. பல தோட்டங்களில் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு தனி முகவரி இன்னும் இல்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் காரியாலயத்தில் தங்கி, கைமாறிக் கைமாறியே வீடு சேர்கின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடைத்ததென வருந்தும் இளைஞரை நம் ஆசிரியர் பலரும் அறிவர். இணையப் பொதிக்கும் இதுவே கதி. முகவரி இன்மையால் தொலைபேசி எண்ணே முகவரியாகின்றது. ஆதலின் அது பெரிய எழுத்தில் மேலுறையில் அச்சாகின்றது. சந்திக் கடையிலும் முச்சக்கர வண்டியிலும் அயலவர் வீட்டிலும் எல்லோரும் காணக் கிடக்கின்றது. ஒரு பெண்ணின் பெயரும் எண்ணும் இவ்வாறு திறந்து கிடப்பதனால் வரும் தொல்லை பணத்தொல்லை மாத்திரமன்று என்பதை விளக்கவேண்டியதில்லை.

மற்றொன்று, தேசிய அடையாள அட்டையின் இலக்கம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழிவந்த இவ்விலக்கம் வெறும் வரிசை எண்ணன்று. பழைய இலக்கத்தின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் குறிக்கும். பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்படும். 2016இலிருந்து வழங்கும் 12 இலக்க முறையிலும் ஆண்டு முழுமையாக வருவதேயன்றி அடிப்படை மாறவில்லை. ஆகவே இலக்கத்தைக் கொடுப்பவர் தம் பிறந்த நாளையும் பாலையும் சேர்த்தே கொடுக்கின்றார். சப்பாத்து வாங்குவதற்குக் காலின் அளவு வேண்டும். பிறந்த நாள் எதற்கு? வேண்டியதை மாத்திரம் கேட்பது என்னும் ஒழுங்கு வணிகரிடத்தே வேரூன்றவில்லை. ஏன் கேட்கிறீர் என வினவும் வழக்கம் நம்மிடத்தே வேரூன்றவில்லை.

"ஏழைகளுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" எனச் சிலர் வினவுவர். செல்வர் ஒருவர் இழக்கும் ஐம்பதினாயிரம் அவருக்கு ஒரு கணக்கு. லயத்திலே அது கூரை. மேலும், மறைப்பதற்கு ஏதுமில்லாத தொழிலாளரின் கடன் விபரமே அவரை மலைக்கு மலை விற்றது என்பதை மேலே கண்டோம். உடைமை குறைந்தவருக்கு விபரமே உடைமை.

சட்டம் தரும் கைவிளக்கு

இலங்கைச் சட்டம் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அமைந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், கணினிவழி உடன்படிக்கைக்குச் சட்ட வலு அளித்தது. அதே ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் வங்கியட்டை மோசடிகளையும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கணினிக் குற்றங்களையும் தண்டனைக்குரியனவாக்கின. ஆயினும் இவை களவு நிகழ்ந்தபின் கள்வனைத் தேடுவன. விபரத்தைச் சேர்த்து வைத்திருப்பவனுக்கே கடமை விதித்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25இலிருந்து நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதியின் கருத்துக்கள் பல இதிற் காணப்படும். இந்தியாவில் உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையெனத் தீர்ப்பளித்தது. 2023இல் அங்கும் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்கிடை எளியது. குறித்த நோக்கத்துக்கென வாங்கிய விபரத்தை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது; தேவைக்கு மேற்பட்டதைக் கேட்கலாகாது; தேவை தீர்ந்தபின் வைத்திருக்கலாகாது; உரியவர் கேட்டால் காட்டவேண்டும்; பிழையாயின் திருத்தவேண்டும்; தக்க வேளையில் அழிக்கவேண்டும். மீறுவோருக்கு 1 கோடி ரூபாவரை தண்டம் விதிக்கலாம். துண்டின் குறைகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்து, அவற்றுக்கு மாற்றுத் தேடினாற் கிடைப்பது ஏறக்குறைய இப்பட்டியலே. ஆனால் சட்டம் இயற்றுவது ஒன்று, இயங்குவது மற்றொன்று. இச்சட்டத்தின் பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தன. வணிகர்மீது கடமைகளை விதிக்கும் பகுதிகளுக்குக் குறித்திருந்த 2025 மார்ச் 18 என்னும் நாளும் ஒத்திவைக்கப்பட்டது. எழுதிய விளக்கு ஏற்றப்படுவதற்குள் காற்று வீசிக்கொண்டே இருக்கின்றது.

இன்னுமொன்று. விபரத்தை எவ்வாறு கையாள்வோம் என்று வணிகர் வெளியிடும் அறிவித்தல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே, பல பக்கங்களிலே உள்ளன. இறுதியில் "உடன்படுகின்றேன்" என்னும் ஒரு பொத்தான். வாசிக்க இயலாத தாளிலே வைத்த கைந்நாட்டுக்கும் இதற்கும் வேற்றுமை சிறிது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளம்பரஞ் செய்து பொருளை விற்கத் தெரிந்தவர்க்கு, தமிழில் நிபந்தனையைச் சொல்லவும் தெரியவேண்டும்.

நாம் செய்யத்தக்கன

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல் என்பது. ஆராய்ந்த பின்னரே நம்புக, நம்பியபின் வீணே ஐயுறற்க என்பதே அதன் போக்கு. அரசன் அமைச்சரைத் தேர்வதற்குக் கூறிய அறிவுரை இன்று ஒவ்வொரு நுகர்வோருக்கும் உரியதாயிற்று. ஆராயும் வழிகள் சில உண்டு. விற்பவரின் பெயரும் நிலையான முகவரியும் தெரியாத கடையில் வாங்குதல் ஆகாது. குறுஞ்செய்தியில் வரும் எண் வீட்டுச் சாவி. வங்கியாரோ, தபாற்காரரோ, பரிசு தருபவரோ அதனைக் கேட்கவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. இணையத்தில் வாங்குவதற்கெனச் சிறுதொகை மாத்திரம் இருக்கும் தனிக்கணக்கை வைத்திருத்தல் நன்று. பொதியைப் பிரித்தபின் மேலுறையிலுள்ள பெயரையும் எண்ணையும் கிழித்தோ மையிட்டோ அழித்த பின்னரே எறிதல்வேண்டும். பணம் போயிற்றெனின் வெட்கி மறையாது, முதலில் வங்கிக்கும் பின்னர் பொலிசுக்கும் உடனே அறிவித்தல்வேண்டும். பொருளைப் பற்றிய முறைப்பாடாயின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்னும் தொலைபேசி எண் உண்டு.

இவை தனியாட்கள் செய்யத்தக்கன. ஆயினும் முழுப்பொறுப்பையும் அத்தாயாரின் தலையில் ஏற்றுவது நீதியன்று. பெயரும் தொகையும் தெரியாதவாறு பொதிக்கு மேலுறையிட வணிகரால் இயலும். ஒவ்வொரு லயவீட்டுக்கும் முகவரி வழங்க அரசால் இயலும். சட்டத்தின் எஞ்சிய பகுதிகளை நடைமுறைப்படுத்தப் பாராளுமன்றத்தால் இயலும். பாடசாலையால் இயல்வதும் ஒன்று உண்டு. வரலாற்றுப் பாடத்திலே துண்டு முறையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனை 1921இல் முடிந்த கதையாக விட்டுவிடாமல், மாணவரின் கையிலுள்ள தொலைபேசிவரை அதனைக் கொண்டுவருதல்வேண்டும்.

இவ்வெண்ணத்தோடு இக்கட்டுரையாளன் தன் வகுப்பிலே ஒருநாள் மாணவரிடம் வீட்டுக்கு வந்த பொதிகளின் மேலுறைகளைக் கொண்டுவரச் சொன்னான். ஒவ்வொன்றிலும் தேவையான விபரம் எது, தேவையற்றது எது எனக் கோடிடச் செய்தான். சப்பாத்து வாங்கிய தாயாரின் மகனும் ஒன்று கொண்டுவந்தான். அதிலே அவன் தன் தாயாரின் பெயரையும் எண்ணையும் முன்னரே மையிட்டு அழித்திருந்தான். தன்னைப் பற்றிய எழுத்தை வாசிக்கவும் திருத்தவும் வழியின்றி மலை மலையாகச் சென்ற தலைமுறைகளின் வழித்தோன்றல், தன் குடும்பத்தைப் பற்றிய எழுத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வந்து நின்றான். வரலாறு கற்பதன் பயன் அவ்வளவே, அவ்வளவும் சிறிதன்று.